இருட்டுக்கும் ஒரு டிசைன் இருக்கு பாஸ்!

ஒரு சின்ன டெஸ்ட். கண்ணை மூடிக்கங்க. 'பேட்மேன்' என்று சொன்னதும் மனசுல முதல்ல என்ன வருது? முகமா? சான்ஸே இல்ல. ரெண்டு கூர் காது, தரையைத் தொடுற கறுப்பு அங்கி, பின்னாடி ஒரு நகரம், விடாம கொட்டுற மழை. நடிச்சது யாருங்கறது அப்புறம்தான். மைக்கேல் கீட்டன், கிறிஸ்டியன் பேல், ராபர்ட் பேட்டின்சன் என்று ஆள் மாறிக்கிட்டே இருக்காங்க. அந்த உருவம் மட்டும் மாறவே மாட்டேங்குது.

கண்ணைத் திறக்காதீங்க, இன்னொரு கேள்வி இருக்கு. 'தமிழ் சூப்பர் ஹீரோ' என்றதும் என்ன வருது?

யோசிக்கிறீங்கள்ல? உங்க மேல தப்பில்ல. நம்மகிட்ட ஹீரோக்களுக்குப் பஞ்சமே இல்ல. ஆனா இருட்டுல நிறுத்தினா நிழலை வெச்சே 'இவன்தான்டா' என்று சொல்ல வைக்கிற ஒரு உருவம் நம்ம சினிமாவில் இன்னும் நிலைக்கல. ஏன்? அது என்ன அவ்வளவு கஷ்டமான வேலையா? வாங்க, கொஞ்சம் கழட்டிப் பார்ப்போம். இன்ஜினீயரிங் படிக்கிற பசங்களுக்கு எதையும் கழட்டாம இருக்க முடியாதே!

கோத்தம் நகரத்துக்கு யார் கொத்தனார்?

பேட்மேன் முதலில் வந்தது 1939-ல், காமிக்ஸில். 1966-ல் டி.வி. தொடராக வந்தப்போ பளபள துணி, பளீர் கலர், காமெடி சண்டை. 'இருட்டு' என்ற பேச்சே இல்லை. அதை மாற்றியது 1989-ல் டிம் பர்ட்டன் எடுத்த படம். அதுக்கு நகரத்தை வடிவமைச்சவர் ஆன்டன் ஃபர்ஸ்ட். கோயில் கோபுரமும் தொழிற்சாலையும் ஒண்ணுமேல ஒண்ணு இடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி, வானமே தெரியாத ஒரு ஊரைக் கட்டினார். கலை இயக்கத்துக்கான ஆஸ்கரை பீட்டர் யங்கோடு சேர்ந்து வாங்கினார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்தப் படத்தில் ஹீரோ போட்டிருக்கிற ரப்பர் கவசமும், பின்னாடி நிற்கிற கட்டடமும் ஒரே அம்மா பெத்த பிள்ளைங்க மாதிரி இருக்கும். ரெண்டும் கறுப்பு, ரெண்டும் கனம், ரெண்டும் கூர். பாவம், கீட்டனால் அந்த உடையில் கழுத்தைக்கூடத் திருப்ப முடியாது. திரும்பணும்னா முழு உடம்பும் திரும்பணும். ஆனா திரையில் அதுவே ஒரு கெத்தா மாறிடுச்சு.

2008-ல் கிறிஸ்டோபர் நோலனின் 'தி டார்க் நைட்' வந்தப்போ கணக்கு மொத்தமா மாறுது. இங்கே கோத்தம் என்பது நிஜமான சிகாகோ. கண்ணாடிக் கட்டடம், நேர்க்கோடு, சுத்தமான ரோடு. நகரம் மாறினதும் உடையும் மாறுது. ஒரே அச்சில் வார்த்த ரப்பர் போய், நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளைக் கோத்த கவசம் வருது. 'தலையைத் திருப்புற மாதிரி ஒரு உடை வேணும்' என்று கதைக்குள்ளேயே ஹீரோ கேட்கிறார். இருபது வருஷ டிசைன் பிரச்னையை ஒரு வசனத்தில் தீர்த்துட்டாங்க!

2022-ல் மேட் ரீவ்ஸின் 'தி பேட்மேன்'. ஒளிப்பதிவு கிரெய்க் ஃப்ரேசர். இதில் ஹீரோ ரவுண்ட்ஸ் கிளம்பி ரெண்டாவது வருஷம்தான் ஆகுது. அதனால் உடை வீட்டிலேயே தட்டிக் கொட்டிச் செஞ்சது மாதிரி, கீறலும் தழும்புமா இருக்கும். டிஜிட்டல் கேமராவில் எடுத்த படத்தை ஃபிலிமில் அச்சடித்து, திரும்ப ஸ்கேன் செய்தார்கள். இருட்டுக்கு ஒரு சொரசொரப்பு வரணும் என்பதற்காக இவ்வளவு மெனக்கெடல். ஒரு சண்டையில் ஹால் முழுக்க கும்மிருட்டு, துப்பாக்கி வெடிக்கிற நொடியில் மட்டும் வெளிச்சம். கடைசியில் வெள்ளத்துக்கு நடுவே ஒரு சிவப்பு ஒளிக்குச்சியைப் பிடிச்சுக்கிட்டு ஜனங்களைக் கூட்டிட்டுப் போவார் பாருங்க... அதுவரைக்கும் பயமுறுத்தின உருவம், அந்த ஒரு வெளிச்சத்தில் வழிகாட்டியா மாறிடும். வசனமே தேவைப்படல.

ஸோ, முதல் பாடம்: இருட்டுப் படம் என்றால் லைட்டை அணைக்கிறது இல்ல. எந்த லைட்டை எங்கே மிச்சம் வைக்கிறோம் என்பதுதான் விஷயம். ரெண்டாவது பாடம்: உடை என்பது தையல்காரர் மட்டும் செய்யுற வேலை இல்ல. ஊருக்குப் பொருந்தணும்.

'முகமூடி'க்கு என்ன ஆச்சு?

நம்ம ஊருக்கு வருவோம். 2012 ஆகஸ்ட் 31. மிஷ்கின் இயக்கத்தில் ஜீவா நடிச்ச 'முகமூடி' ரிலீஸ். நோலனின் மூணாவது பேட்மேன் படம் தியேட்டருக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. பார்த்தவங்க மனசுல எந்த உருவம் ஓடிக்கிட்டு இருந்திருக்கும் என்று சொல்லணுமா என்ன!

முன்னாடியே முயற்சி நடக்கலைன்னு சொல்ல முடியாது. 2009-ல் சுசி கணேசனின் 'கந்தசாமி'யில் விக்ரம் சேவல் வேஷத்தில் வந்தார். முருகன் கோயில் மரத்தில் ஜனங்க கட்டிட்டுப் போற வேண்டுதல் சீட்டை எடுத்து, அதை நிறைவேத்துற ஹீரோ. முருகனுக்குச் சேவல் கொடி என்பது நமக்குத் தெரியும். ஐடியா மண்ணிலிருந்தே வந்தது. ஆனா 'இவர் ஒரு சூப்பர் ஹீரோ' என்று முழுக்கக் கவசம் மாட்டி, முகத்தை மூடி, இருட்டில் இறக்கிவிட்டது 'முகமூடி'தான்.

மிஷ்கின் இருட்டைக் கையாளத் தெரிஞ்சவர். கேமராவைத் தரையோடு தரையா வெச்சு வெறும் கால்களை மட்டும் காட்டுறது, கட் பண்ணாம நீள ஷாட்டில் ஆட்களை நடக்கவிடுறது, அகலமான ஃப்ரேமில் ஒரு ஓரத்தில் மட்டும் ஆளை நிறுத்துறது... இதெல்லாம் அவர் கையெழுத்து. 'யுத்தம் செய்' படத்தில் அவரோடு வேலை செஞ்ச சத்யாதான் இங்கேயும் ஒளிப்பதிவு. ஹீரோவுக்கு குங்ஃபூ, செல்லப் பேர் புரூஸ் லீ. எல்லாம் இருந்தும் படம் பெரிய அலையைக் கிளப்பல. 'தமிழ்ல இனி வரிசையா சூப்பர் ஹீரோ படம்தான்' என்ற எதிர்பார்ப்பும் அதோடு அடங்கிப்போச்சு.

ஏன்? கதை பத்தி ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லுவாங்க. நாம டிசைன் கண்ணால மட்டும் பார்ப்போம். என் கணக்குப்படி, அந்தப் படத்தில் இரவு மிஷ்கினோடது, கவசம் கோத்தமோடது. டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், மொட்டைமாடித் தண்ணித் தொட்டி என்று இருக்கிற நம்ம தெருவில், வியர்வை வழியுற ஒரு ஊரில், அந்தக் கவசம் விருந்தாளி மாதிரியே நின்னுது. வீட்டுக்காரன் ஆகவே இல்லை.

இதைவிட சுவாரஸ்யம் அடுத்த வருஷம் நடந்தது. 2013 செப்டம்பரில் அதே மிஷ்கின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' எடுக்கிறார். பாட்டு இல்ல, கவசம் இல்ல, முகமூடி இல்ல. ராத்திரி நேரத்து சென்னை, காயத்தோடு ஓடுற ஓநாயாக மிஷ்கினே நடிச்சிருப்பார். கல்லறைத் தோட்டத்தில் ஒரே ஷாட்டில் ஒரு குழந்தைக்குக் கதை சொல்லுவார் பாருங்க, அதுதான் தமிழில் வந்த சரியான 'இருட்டு ஹீரோ' காட்சி என்று நான் எங்கே வேணும்னாலும் வந்து சண்டை போடுவேன். முகமூடியைக் கழட்டினதும்தான் உருவம் தெரிஞ்சுது!

அப்பாவோட பெட்டியில் இருக்கார் ஒருத்தர்

'நமக்கு இந்த ஸ்டைல் புதுசு' என்று யாராவது சொன்னா நம்பாதீங்க. வீட்டுப் பரண்ல அப்பாவோட பழைய பெட்டி இருந்தா தூசி தட்டிப் பாருங்க. 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழா வந்தவர் 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ஞ்சா உடம்பு மறைஞ்சுடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். இங்கிலாந்து வார இதழில் 1962-ல் தொடங்கின கதை. நமக்கு அதிகம் பழகின படங்களை வரைஞ்சவர் ஸ்பெயின்காரர் ஜீசஸ் பிளாஸ்கோ.

சிவகாசியிலிருந்து கறுப்பு வெள்ளையில் அச்சாகி வந்த அந்தப் பக்கங்களைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. பாதி முகம் வெளிச்சம், பாதி முகம் முழுக் கறுப்பு. சுவரில் நீள நிழல். கலர் அடிக்க வாய்ப்பில்லாத இடத்தில், கறுப்பையே கலரா பயன்படுத்தியிருப்பாங்க. இப்ப நாம 'நுவார் லைட்டிங்' என்று ஸ்டைலா சொல்றதை, பக்கத்து ஊர் பஸ் ஸ்டாண்ட் கடையில் காசு கொடுத்து வாங்கி, பாடப் புத்தகத்துக்கு நடுவில் ஒளிச்சுவெச்சு படிச்ச தலைமுறை அது.

எங்க மாவட்டத்து காஸ்ட்யூம் டிபார்ட்மென்ட்

என் ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலை கிரிவலப் பாதை மொத்தம் 14 கிலோமீட்டர்; அதில் மலைக்குப் பின்பக்கம் இருக்கிற ஊர். கிரிவலம் வந்தவங்களுக்கு ஆதி அண்ணாமலையார் கோயில் ஞாபகம் இருக்கும். இந்த மாவட்டத்தில் பிறந்த யாருக்கும் தெருக்கூத்து தெரியாம இருக்காது. செய்யாறு பக்கம் இருக்கிற புரிசை கிராமம் கூத்துக்குப் பேர் போனது. அந்த ஊர்க் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க.

கூத்து ராத்திரி தொடங்கி விடிய விடிய நடக்கும். அந்தக் காலத்தில் எண்ணெய்ப் பந்தம், அப்புறம் பெட்ரோமாக்ஸ், அப்புறம் டியூப்லைட். அதாவது, குறைஞ்ச வெளிச்சத்தில், தூரத்தில் உட்கார்ந்திருக்கிற கடைசி வரிசைப் பாட்டிக்கும் 'வந்தது யாரு' என்று தெரியணும். இது அப்படியே பேட்மேனோட டிசைன் பிரச்னைதானே!

கூத்துக்காரங்க அதை எப்படித் தீர்த்தாங்கன்னு பாருங்க. தலையில் பெரிய கிரீடம், தோளில் இறக்கை மாதிரி விரியுற புஜகீர்த்தி, மார்பில் பதக்கம், இடுப்பிலிருந்து குடை மாதிரி விரியுற பாவாடை. மனுஷனோட அளவே ஒண்ணரை மடங்காயிடும். தூரத்திலிருந்து நிழலைப் பார்த்தாலே ராஜாவா, கட்டியங்காரனா என்று சொல்லிடலாம். நகைகளை எடை குறைஞ்ச மரத்தில் செதுக்கி, சின்னச் சின்ன கண்ணாடித் துண்டு பதிப்பாங்க. ஏன் கண்ணாடி? பந்தம் எரியுறது கொஞ்சம்தான். ஆள் ஒரு சுத்து சுத்தினா, அந்தக் கொஞ்ச வெளிச்சத்தையும் கண்ணாடி பிடிச்சு நாலாபக்கமும் எறியும். கரன்ட் செலவில்லாத ஸ்பெஷல் எஃபெக்ட்!

இன்னொன்று, திரை. வேஷக்காரர் நேரா மேடைக்கு வந்துட மாட்டார். ரெண்டு பேர் ஒரு துணியைப் பிடிச்சுக்கிட்டு நிற்பாங்க. பின்னாடி நின்னு பாடுவார், சலங்கை மட்டும் கேட்கும், கிரீடத்தோட நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். கூட்டம் தவிச்சுக்கிட்டு இருக்கும்போது துணி விலகும். சினிமாவில் கால், கை, முதுகு என்று காட்டி கடைசியில் முகம் காட்டுற 'இன்ட்ரோ' ஷாட்டுக்கு இது தாத்தா.

அவ்வளவு ஏன்... கோத்தமில் ஆபத்துன்னா வானத்தில் வவ்வால் விளக்கு அடிப்பாங்கள்ல? எங்க ஊரில் கார்த்திகை தீபத்தன்னிக்கு 2,668 அடி மலை உச்சியில் ஒரே ஒரு கொப்பரையில் நெருப்பு ஏத்துவாங்க. சுத்தி இருட்டு, நடுவில் கறுப்பா மலை, நுனியில் ஒரு பொட்டு வெளிச்சம். சுத்துப்பட்டு ஊர்கள்ல எல்லாம் ஜனங்க வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்ப்பாங்க. பக்தியை விடுங்க, வெறும் ஃப்ரேமா பார்த்தாலும் இதைவிட எளிமையான, இதைவிட வலுவான டிசைன் கிடைக்குமா?

யாருக்கு வில்லன் வேஷம்?

இப்ப கொஞ்சம் சீரியஸா பேசலாமா?

கல்சுரல்ஸ் ஸ்கிட் என்றால் வில்லன் ரோல் யாருக்குப் போகும்னு கவனிச்சிருக்கீங்களா? எங்க செட்டில் மூணு வருஷமா ஒரே நண்பனுக்குத்தான். அவன் நல்லா நடிப்பான் என்பதால் இல்ல. நல்லா கறுப்பா இருப்பான் என்பதால். குரூப் போட்டோவில் 'டேய், பல்லு மட்டும்தான்டா தெரியுது' என்பாங்க. அவனும் சிரிச்சுக்குவான். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருந்தது.

ஒரு அமாவாசை ராத்திரி, ஊருக்கு வெளியே வயல் ஓரத்தில் அவனை நிறுத்தினோம். அவனுக்குப் பின்னாடி பைக் ஹெட்லைட். முன்னாடி ஒரு பக்கமா, வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மகோல் அட்டை. போனில் எக்ஸ்போஷரைக் குறைச்சு லாக் பண்ணியாச்சு. முதல்ல கடையில் வாங்கின பேட்மேன் முகமூடி. பார்த்தா பர்த்டே பார்ட்டி மாதிரி இருந்தது. அடுத்து எங்க தாத்தாவோட கறுப்புக் கம்பளி, தலையில் துண்டு. கம்பளி வெளிச்சத்தை முழுங்கிடுச்சு. தோள், தலைப்பாகை, கையில் ஒரு கம்பு... விளிம்பில் மட்டும் வெள்ளிக் கோடு. கன்னத்து எலும்பிலும் நெத்தி வியர்வையிலும் வெளிச்சம் பட்டு, சிலைக்கு எண்ணெய் பூசின மாதிரி மின்னுது. நான் முகமூடி போட்டப்போகூட அந்த எஃபெக்ட் வரல.

ஏன்னு யோசிங்க. கறுப்புத் தோலுக்கு முன்னாடியிருந்து ஃப்ளாஷ் அடிச்சா தட்டையாகும். பக்கத்திலிருந்தோ பின்னாடியிருந்தோ வெளிச்சம் வந்தா, அந்தப் பளபளப்பே வடிவத்தைச் செதுக்கும். பிரச்னை அவன் நிறத்தில் இல்ல. விளக்கு வெச்ச இடத்தில்!

போட்டோவைப் பார்த்ததும் பையன் ரொம்ப நேரம் பேசல. அப்புறம், 'இதை எனக்கு அனுப்புடா' என்று மட்டும் சொன்னான்.

நம்ம ஊர் எல்லையில் நிற்கிற கருப்பசாமியை நினைச்சுப் பாருங்க. மீசை, உருட்டு விழி, ஓங்கின அரிவாள், ராத்திரி முழுக்க காவல் ரவுண்ட்ஸ். 'இருட்டில் ஊரைக் காக்கிற கறுப்பு உருவம்' என்ற ஐடியாவுக்கு நாம 1939 வரைக்கும் காத்திருக்கவே இல்லை. அப்புறம் ஏன் கறுப்புன்னா வில்லன்? 2018-ல் பா.ரஞ்சித்தின் 'காலா' இந்தக் கேள்வியைத்தான் உடையிலேயே கேட்டது. ஹீரோவுக்குக் கறுப்பு, வில்லனுக்குத் தும்பைப்பூ வெள்ளை.

தெரு ஓரத்திலிருந்து வர்றாங்க!

சமீபத்துல காற்று மாறுது. 2021-ல் மலையாளத்தில் வந்த 'மின்னல் முரளி'யில் ஹீரோ ஒரு டெய்லர். அவன் தனக்கு உடை தெச்சுக்கிட்டா யாரும் லாஜிக் கேட்க முடியாதுல்ல! 2023-ல் 'வீரன்' படத்தில் ஹிப்ஹாப் ஆதி ஊர்க் காவல் தெய்வத்தோட வேஷத்தில் இறங்கினார். அதே வருஷம் மடோன் அஸ்வினின் 'மாவீரன்'. ஹீரோ காமிக்ஸ் வரையுற பையன். அவன் கோத்தம், விரிசல் விட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. சுவரில் விழற கோடுதான் அங்கே வில்லனோட முகம். 2025-ல் மலையாள 'லோகா', கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சிக் கதையை எடுத்து பெங்களூரு ராத்திரியில் இறக்கி, பெரிய ஹிட் அடித்தது.

கவனிச்சீங்களா? உடை, ஊர், கதை மூணும் ஒரே மண்ணிலிருந்து வந்தப்போ ஜனங்க கை தட்டியிருக்காங்க. கேரளா தன்னோட யட்சியை எடுத்துக்கிச்சு. நம்ம கிரீடமும் புஜகீர்த்தியும் கம்பளியும் இன்னும் காத்துக்கிட்டு இருக்கு.

கையில் போன் இருக்கா? ஆரம்பிங்க!

ஷார்ட் ஃபிலிம் எடுக்கப் போற மக்களுக்கு மூணு ஹோம்வொர்க்:

ஒண்ணு, உங்க ஹீரோவை வெறும் கறுப்பு நிழலா ஒரு பேப்பரில் வரைங்க. பத்தடி தள்ளி நின்னு நண்பனிடம் காட்டுங்க. யாருன்னு சொல்ல முடியலைன்னா டிசைனை மாத்துங்க. கலரை அப்புறம் பார்த்துக்கலாம்.

ரெண்டு, பௌர்ணமி ராத்திரி விளக்கில்லாத இடத்தில் அரை மணி நேரம் உட்காருங்க. கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிஷம் ஆகும். அப்புறம் ஒரு சிவப்புத் துணியையும் நீலத் துணியையும் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. சிவப்பு ஏறக்குறைய கறுப்பாத் தெரியும், நீலம் மட்டும் மிஞ்சும். இதுக்குப் பேர் புர்கின்ஜே விளைவு. சினிமாவில் ராத்திரிக்கு நீலம் பூசுறதுக்கு இதுவும் ஒரு காரணம். தானா எரியுற சிவப்பு விளக்கு இருட்டில் ஏன் அப்படிக் குத்துதுன்னும் அப்பப் புரியும்.

மூணு, எடுத்ததைப் பட்டப்பகலில் போனில் பார்த்து முடிவு பண்ணாதீங்க. தியேட்டர் திரைக்கான வெளிச்ச அளவே சுமார் 48 நிட்ஸ்தான். நல்ல போன் வெயிலில் 1000 தாண்டும். 2019-ல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' போர் எபிசோடைப் பார்த்துட்டு 'ஒண்ணுமே தெரியல' என்று உலகமே புலம்பியது ஞாபகம் இருக்கட்டும். இருட்டா இருக்கலாம், கண்ணுக்கு எதுவுமே தெரியாம இருக்கக் கூடாது.

அப்புறம் கடைசியா ஒண்ணு. உங்க செட்டில் எப்பவும் வில்லன் வேஷம் கட்டுற அந்தப் பையன், அந்தப் பொண்ணு... அடுத்த படத்தில் அவங்களை ஹீரோ ஆக்குங்க. கவசம் எல்லாம் வேண்டாம். பின்னாடி ஒரு லைட் வெச்சாப் போதும்!